காலாணி என்று நினைத்தோம்: முற்றிய மெலனோமாவை வீட்டிலிருந்து சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

அம்மாவின் இடது குதிகாலில் இருந்ததை வீட்டில் எல்லோரும் காலாணி என்றுதான் சொன்னோம். மருந்துக்கடையில் காலாணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டிப் பார்த்தாள். ஊறிய தோலை அப்பா பிளேடால் சீவி விட்டார். ஆணி போகவில்லை. கறுப்பு மட்டும் ஓரத்தில் மை ஊறின மாதிரி படர்ந்து, எட்டு மாதத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைத் தாண்டிவிட்டது. தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயாப்ஸியில் வந்த பெயரை அதுவரை எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை: அக்ரல் மெலனோமா, கை கால் நுனிகளில் வரும் ஒரு வகைத் தோல் புற்று. அடுத்த வாரம் எடுத்த பெட் ஸ்கேனில் நுரையீரலில் மூன்று புள்ளிகள். நான்காம் நிலை.

மெலனோமா என்று தேடினால் கடற்கரை வெயிலில் காயும் வெள்ளைக்காரர்களைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக வரும். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்களில் வரும் புற்று இது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் உலகிலேயே அதிகம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அரிது. வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வரும்: உள்ளங்கால், குதிகால், உள்ளங்கை, நகத்தடி, சிலருக்கு வாய், மூக்கு, ஆசனவாய் இவற்றின் உட்சவ்வு. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்ததும் இதுதான். பந்து விளையாடியதில் பட்ட அடி என்று நினைத்திருந்தார்கள். 1981-இல் 36 வயதில் போய்விட்டார்.

நான் டாக்டர் இல்லை. மூன்று வருடமாக அம்மாவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள். அலைந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. எந்த மருந்து என்பதை டாக்டர் முடிவு செய்கிறார். ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் இருக்கிற இருபது நாள் வீட்டில் இருப்பவர்கள் கையில். இந்த வழிகாட்டி அந்த இருபது நாளுக்காக. மருந்து அளவு, நிறுத்துவது, மாற்றுவது எதையும் இதைப் படித்துவிட்டு நீங்களாகச் செய்யாதீர்கள்.

படி 1: ரிப்போர்ட்டைப் படியுங்கள், பிளாக்கைத் தேடி வாங்குங்கள்

பயாப்ஸி ரிப்போர்ட்டில் பிரெஸ்லோ தடிமன் என்று மில்லிமீட்டரில் ஒரு எண் இருக்கும். கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது அது. மேற்புறம் புண்ணாகியிருந்ததா என்றும் எழுதியிருப்பார்கள். நெறி வரை வந்திருந்தால் மூன்றாம் நிலை, தொலைவான உறுப்புக்குப் போயிருந்தால் நான்காம் நிலை. நான்கிலும் உட்பிரிவு உண்டு: தோலும் தூரத்து நெறியும் மட்டும் என்றால் எம்1ஏ, நுரையீரல் எம்1பி, கல்லீரல் போன்ற மற்ற உள்ளுறுப்புகள் எம்1சி, மூளை எம்1டி. ரத்தத்தில் எல்.டி.ஹெச். என்ற என்சைமின் அளவு கூடியிருக்கிறதா என்பதும் இதோடு சேரும். இந்த ஐந்தாறு விவரத்தையும் ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் ஐந்து நிமிடம் மிச்சம்.

அடுத்து பிளாக். வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். மரபணுச் சோதனைக்கு அதுதான் வேண்டும். எங்களுக்கு முதலில் பயாப்ஸி செய்த இடத்தில் பிளாக்கைத் தேடிக் கொடுக்கவே இரண்டு வாரம் ஆனது. “ரிப்போர்ட் குடுத்தாச்சே, இன்னும் என்னம்மா?” என்றார் கவுண்டரில் இருந்தவர். ஸ்லைடு, பிளாக் இரண்டையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் பைக் பெட்டியில் வைத்து எடுத்துப்போகாதீர்கள், மெழுகு.

பார்க்க வேண்டிய மரபணு மாற்றங்கள் முக்கியமாக மூன்று: பிராஃப், கிட், என்ராஸ். வெளிநாட்டுத் தோல் மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பிராஃப் மாற்றம் இருக்கும். பாத மெலனோமாவில் அது குறைவு, பதிலாகச் சிலருக்கு கிட் மாற்றம் இருக்கும். அதனால் “பிராஃப் நெகட்டிவ்” என்று வந்ததும் ஃபைலை மூடிவிடாமல், கிட் பார்த்தாச்சா என்று கேளுங்கள். தலைவலி இல்லாவிட்டாலும் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். இந்தப் புற்றுக்கு மூளைமேல் தனிப் பிரியம்.

படி 2: யாரிடம் போவது

சென்னையில் 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், இலங்கையில் மகரகம அபேக்‌ஷா என்று இடங்கள் பல இருக்கின்றன. கட்டடத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அங்கே இம்யூனோதெரபி (உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றின்மேல் ஏவும் சிகிச்சை) கொடுத்துப் பழகிய மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட், அதாவது புற்றுக்கு மருந்து கொடுக்கும் டாக்டர், இருக்கிறாரா, பக்கவிளைவு வந்தால் ராத்திரியில் போன் எடுக்க ஆள் இருக்கிறதா என்பது. நான் முதல் சந்திப்பிலேயே கேட்டேன்: “சார், ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு பேதி ஆச்சுன்னா யாரக் கூப்பிடணும்?” டாக்டர் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார். பத்து வாரம் கழித்து அந்த நம்பர்தான் அம்மாவைக் காப்பாற்றியது.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் கூச்சப்படாதீர்கள். நல்ல டாக்டர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 3: மருந்துகளைப் புரிந்துகொள்ளுங்கள்

1975-இல் அமெரிக்காவில் டகார்பசின் என்ற கீமோ அனுமதி பெற்றது. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பெரிய முன்னேற்றம் இல்லை. முற்றிய மெலனோமா என்றால் பெரும்பாலோருக்கு ஒரு வருடம்கூட இல்லை. 2011-இல் இபிலிமுமாப், 2014-இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று இம்யூனோதெரபி ஊசிகள் வந்தபோதுதான் கதை மாறியது. இதற்கு அடிப்படை போட்ட ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது.

இந்த ஊசிகள் புற்றை நேராகக் கொல்வதில்லை. நோயை எதிர்த்துச் சண்டை போடும் நம் உடம்பின் டி செல்கள் கட்டுப்பாடில்லாமல் பாயாதபடி உடம்பே அவற்றுக்கு மூக்கணாங்கயிறு போட்டு வைத்திருக்கிறது. புற்று அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது. மருந்து கயிற்றை அறுத்துவிடுகிறது. காளை எதிரியை முட்டும். சில சமயம் நம் வயலையே மிதிக்கும். பலனும் பக்கவிளைவும் ஒரே காளையின் வேலை என்பது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் புரியும்.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு: 945 பேரை வைத்துச் செய்த செக்மேட் 067 ஆய்வின் பத்து வருட முடிவு 2024-இல் வந்தது. இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 37, இபிலிமுமாப் மட்டும் என்றால் 19. ஆனால் சேர்த்துக் கொடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் நோயாளிகள். பாதத்திலும் சவ்விலும் வரும் மெலனோமா இந்த மருந்துகளுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. கேட்கவே கேட்காது என்பதல்ல; என் அம்மாவுக்குக் கேட்டது.

பிராஃப் மாற்றம் இருந்தால் டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற மாத்திரை ஜோடி உண்டு. வேகமாக வேலை செய்யும், சில வாரத்திலேயே கட்டி சுருங்கும். ஆனால் பலருக்குப் பிறகு மருந்து பிடிக்காமல் போய்விடும். எதை முதலில் கொடுப்பது என்று ட்ரீம்செக் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இம்யூனோதெரபி ஜோடியில் தொடங்கியவர்களில் இரண்டு வருடத்தில் 72 சதவீதம் பேர் இருந்தார்கள், மாத்திரையில் தொடங்கியவர்களில் 52. அதனால் அவசரமாகக் கட்டியைச் சுருக்க வேண்டிய நிலை இல்லாவிட்டால் ஊசியில் தொடங்குவதுதான் இப்போது வழக்கம். மாத்திரை எடுப்பவர்களில் பாதிப் பேருக்காவது காய்ச்சல் வரும். வந்தவுடன் யாரிடம் கேட்பது, மாத்திரையை எப்போது நிறுத்தி எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்பு.

கிட் மாற்றம் உள்ள சிலருக்கு இமாட்டினிப் பலன் தரும். ரத்தப் புற்றுக்கு வருடக்கணக்காகக் கொடுக்கும் அதே மாத்திரை. இங்கேயே தயாராகிறது, விலையும் கட்டுப்படியாகும்.

கீமோ முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. மற்றது கைகொடுக்காதபோது டகார்பசினும் பாக்லிடாக்சல் – கார்போபிளாட்டினும் இன்னும் பயன்படுகின்றன. 2022-இல் நிவோலுமாபோடு ரெலாட்லிமாப் சேர்த்த ஜோடியும், 2024-இல் கட்டியிலிருந்தே டி செல்களை எடுத்து வளர்த்துத் திரும்பச் செலுத்தும் லிஃபிலூசெல்லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இணையத்தில் இவற்றைப் படித்துவிட்டு நம் டாக்டர் இதைச் சொல்லவில்லையே என்று கோபப்பட வேண்டாம், கேளுங்கள்.

மூளையில் வந்தால் எல்லாம் முடிந்தது என்று உறவுக்காரர்கள் முகத்தைத் தொங்கப் போடுவார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல், 90 வயதில், மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அறுவை, மூளைக்குக் கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் 100 வயதில்தான் இறந்தார். அம்மாவுக்குப் பதினாலாவது மாதம் மூளையில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. முழு மூளைக்கும் கொடுக்காமல் அந்த இடத்துக்கு மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சு, ஒரே நாளில் முடிந்தது. சாயங்காலம் வந்து இட்லி ஊற்றினாள்.

படி 4: பணத்தைப் பற்றி முதல் வாரமே பேசுங்கள்

நிலத்தை விற்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. உங்களுக்கு எழுதிய மருந்து அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். தனியார் பாலிசி என்றால் இம்யூனோதெரபிக்கு உச்சவரம்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மருந்துக் கம்பெனிகள் சில ஊசிகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மீதியை இலவசமாகத் தரும் உதவித் திட்டங்கள் நடத்துவதுண்டு. முதல் பாட்டில் வாங்கும் முன்பே பதிய வேண்டியிருக்கலாம், பிறகு போய் நின்றால் பலன் இல்லை. பெம்ப்ரோலிசுமாபுக்கு அடிப்படைச் சுங்க வரியை 2023-இல் மத்திய அரசு நீக்கியது.

அளவைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது, கேட்பதில் தப்பில்லை. பெம்ப்ரோலிசுமாப் இப்போது எல்லோருக்கும் மூன்று வாரத்துக்கு 200 மில்லிகிராம் என்று கொடுக்கிறார்கள். 2014-இல் மெலனோமாவுக்கு முதலில் அனுமதி கிடைத்தது கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில். அம்மா 48 கிலோ. கணக்குப் போட்டால் 96 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் பாட்டில் இரண்டுக்குப் பதிலாக ஒன்று. டாக்டரிடம் இதைக் கேட்டபோது ஒரு நிமிடம் கால்குலேட்டரைப் பார்த்துவிட்டு, சரி, எடைக் கணக்கிலேயே போகலாம் என்றார். எங்கள் செலவு பாதியானது. நிவோலுமாபை 20 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் கொடுத்து மும்பை டாட்டா மெமோரியல் டாக்டர்கள் நடத்திய ஆய்வும் பலர் வாயில் அடிபடும். அது தலை, கழுத்துப் புற்றுநோயில் செய்தது. மெலனோமாவுக்கு அதை அப்படியே நீட்ட முடியாது.

படி 5: ஒரு நோட்டு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. தினமும் தேதி, எடை, சாப்பாடு, எத்தனை தடவை வெளிக்குப் போனாள், இருமல், அரிப்பு, தூக்கம். இரண்டு நிமிட வேலை.

நான்காவது ஊசிக்குப் பிறகு, ஏறத்தாழ பத்தாவது வாரம், அம்மாவுக்குப் பேதி தொடங்கியது. “நேத்து சாப்பிட்ட கறி ஒத்துக்கலம்மா,” என்றார் அப்பா. தெருமுனை கிளினிக்கில் பேதியை நிறுத்தும் மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். கீமோ என்றா சொன்னீர்கள், கீமோவில் இப்படித்தான் இருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். அன்று ராத்திரி நோட்டைப் புரட்டினேன். திங்கள் 2. செவ்வாய் 4. புதன் 7, தண்ணியா, லேசாச் சளி. வரிசையாகப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. அந்த நம்பருக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் இருந்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, “வழக்கமா எத்தனை தடவை, இப்ப எத்தனை?” எண் கையில் இருந்தது. “உடனே கிளம்பி வாங்க.”

அது குடல் அழற்சி, காளை வயலில் இறங்கிவிட்டது. வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவை கூடினாலே அன்றே சொல்ல வேண்டும், ஏழு கூடினால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கிருமியால் வந்த பேதி இல்லை என்று சோதித்துவிட்டு, அழற்சியை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் கணக்கில் தொடங்கி, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். நன்றாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் பேதி திரும்பும், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டும் அதற்குள் படுத்திருக்கும். சர்க்கரை எகிறும், தூக்கம் போகும், கோபம் வரும். அம்மா அந்த ஆறு வாரமும் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பொதுவாகத் தோல் அரிப்பும் தடிப்பும் முதலில் வரும், பிறகு குடலும் கல்லீரலும், அதன்பின் தைராய்டு, பிட்யூட்டரி போன்ற ஹார்மோன் சுரப்பிகள். ஊசி நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள்:

- புதிதாக மூச்சு வாங்குவது, வறட்டு இருமல்
- நெஞ்சு வலி, படபடப்பு, இமை தானாக இறங்குவது, தசை பலவீனம்
- கண், சிறுநீர் மஞ்சளாவது
- எழுந்திருக்கவே முடியாத சோர்வு, தலைசுற்று, விடாத தலைவலி, வாந்தி
- அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் (திடீரென்று முதல் வகைச் சர்க்கரை நோயே வரலாம்)
- தோல் கொப்புளித்து உரிவது, வாயில் புண்
- வலிப்பு, ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சுக் குழறல்

வேறு ஊரில், வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “இவங்க எடுக்கிறது கீமோ இல்ல, இம்யூனோதெரபி.” மருந்தின் பெயர், கடைசி ஊசித் தேதி, ஆன்காலஜிஸ்ட் நம்பர் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து பர்ஸில் போட்டுவிட்டேன்.

தைராய்டு குறைவது மிகச் சாதாரணம். சோம்பேறித்தனமாக, மனச்சோர்வாகத் தெரியும்; டி.எஸ்.ஹெச். என்ற ரத்தச் சோதனையில் பிடிபடும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, பெரும்பாலும் ஆயுளுக்கும். அட்ரினல் சுரப்பும் சேர்ந்து குறைந்திருந்தால் முதலில் ஸ்டீராய்டு, பிறகே தைராய்டு மாத்திரை; இந்த வரிசை மாறக் கூடாது என்பதால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலும் பார்த்தார்களா என்று கேளுங்கள். முதல் ஊசிக்கு முன்பே ஹெபடைடிஸ் பி, பழைய காச நோய் பற்றிச் சொல்லிவிடுவதும் முக்கியம். பின்னால் ஸ்டீராய்டோ, அதற்கு அடங்காத அழற்சிக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்சிமாபோ தேவைப்பட்டால் இரண்டும் கிளம்பக்கூடியவை.

ஆறாவது மாதம் அம்மாவின் கன்னத்திலும் கையிலும் வெண்புள்ளி வந்தது. பக்கத்து வீட்டு அத்தை பழைய வார்த்தையைச் சொல்லி ஒதுங்கி நின்றாள். நிறமிச் செல்லில் வந்த புற்றைத் துரத்துகிற டி செல்கள் நல்ல நிறமிச் செல்களையும் சேர்த்து அடிப்பதால் வருவது அது. தொற்றாது. மெலனோமாவில் மருந்து பிடித்திருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறியாகக்கூட இருக்கலாம் என்று டாக்டர் சிரித்தபடி சொன்னார். அந்தப் புள்ளிகளை நாங்கள் நோட்டில் நட்சத்திரம் போட்டுக் குறித்தோம்.

படி 6: காலைக் கவனியுங்கள்

ஆன்காலஜிஸ்ட் ஸ்கேனைப் பார்ப்பார், காலைப் பார்க்க மறந்துவிடுவார். குதிகாலில் வெட்டித் தோல் ஒட்டிய இடம் உணர்ச்சி இல்லாமல் இருக்கும். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு. கோயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றுவதை அம்மா விடமாட்டேன் என்றாள். கடைசியில் வெயிலுக்கு முன், காலை ஆறு மணிக்கு, காலுறையோடு என்று சமாதானமானோம்.

தொடை இடுக்கு நெறிகளை எடுத்திருந்தால் கால் வீங்கும். பார்ப்பவர்கள் யானைக்காலா என்று கேட்பார்கள். அளவெடுத்துத் தைத்த அழுத்தக் காலுறை, படுக்கும்போது தலையணைமேல் கால், விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துவது, தினமும் மாய்ஸ்சரைசர். அந்தக் காலில் ஊசி குத்தவோ கீறவோ கூடாது. சிவந்து சுட்டுக் குளிர்க் காய்ச்சல் வந்தால் அது தோலுக்கடியில் கிருமித் தொற்று, அன்றே ஆன்டிபயாடிக் வேண்டும். கட்டி வெடித்து நாற்றம் வந்தால் மெட்ரோனிடசோல் புண்ணின்மேல் போட்டால் வாடை பெரிதும் அடங்கும். நாற்றத்துக்குப் பயந்து பேரப்பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்ன பாட்டிகளை வார்டில் பார்த்திருக்கிறேன். கேட்டால் நர்ஸ் சொல்லித் தருவார்.

படி 7: ஸ்கேன் நாள்

ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு முந்தின வாரம் வீட்டில் சண்டை வரும், காரணம் தெரியாமல். முதல் ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தாலும் உடனே மனம் விடாதீர்கள். சண்டைக்கு வந்த டி செல்கள் கூடி நின்று கட்டியை வீங்கக் காட்டுவது சிலருக்கு நடக்கிறது. நோயாளி நன்றாக நடமாடினால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் இதையே பிடித்துக்கொண்டு, உடம்பு தளர்ந்துகொண்டே போகும்போதும் பொய் வளர்ச்சி என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், அது அரிது. பலன் தொடர்ந்தால் பொதுவாக இரண்டு வருடத்தில் ஊசியை நிறுத்துவது பற்றிப் பேசுவார்கள்.

படி 8: சாப்பாடு, கஷாயம், வாட்ஸ்அப்

வாட்ஸ்அப்பில் என்ன வந்தாலும், சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகாது, நோயாளிதான் இளைப்பார். பருப்பு, முட்டை, மீன், கீரை, சிறுதானியம், பழம். நார்ச்சத்து நிறையச் சாப்பிட்ட மெலனோமா நோயாளிகளுக்கு இம்யூனோதெரபி நன்றாகப் பிடித்ததாக 2021-இல் ஒரு ஆய்வு வந்தது. கடையில் விற்கும் புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) மாத்திரைகளால் அந்தப் பலன் தெரியவில்லை. ரசத்தில் போடும் மஞ்சள் சரி, மஞ்சள் மாத்திரை, பெயர் தெரியாத சூரணம், லேகியம் வேண்டாம். கல்லீரல் என்சைம் ஏறினால் மருந்தாலா கஷாயத்தாலா என்று தெரியாமல் ஊசி தள்ளிப்போகும்.

படி 9: சொல்வதா, மறைப்பதா

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்” என்றுதான் நாங்களும் தொடங்கினோம். கட்டி, சின்ன ஆபரேஷன் என்று கதை. மூன்றாவது ஊசிக்குப் போகும்போது ஆட்டோவில் அம்மா சொன்னாள்: “என்னடி, போர்டுல புற்றுநோய்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னா நெனச்சீங்க?” அன்றைக்குத்தான் அரிப்பு இருப்பதையே முதல் தடவையாகச் சொன்னாள், சொன்னால் நாங்கள் பயந்துவிடுவோம் என்று அவளும் மறைத்திருந்தாள். இந்தச் சிகிச்சையில் அறிகுறியைச் சொல்லாமல் இருப்பது உயிருக்கே ஆபத்து. உண்மை தெரியாதவர் எதைச் சொல்ல வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

படி 10: வலிக்கு டாக்டர், முதலிலேயே

பேலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஊசி போய்க்கொண்டிருக்கும்போதே வலி, மூச்சு, தூக்கம், பயம் இவற்றைப் பார்க்கும் சிகிச்சை அது. மார்பின் என்ற வலி மருந்தின் பேரைக் கேட்டால் நம் வீடுகளில் பதறுவார்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்கு எடுக்கும்போது போதை அடிமை ஆவது அரிது. மலச்சிக்கல்தான் நிச்சயம் வரும், அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து வேண்டும். 2014-இல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்களில் மார்பின் கிடைப்பதற்கான நடைமுறை இலகுவானது. நடமாட முடியாத நிலை வந்தால், தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள்.

எல்லோருக்கும் மருந்து பிடித்துவிடுவதில்லை. எங்களுக்கு எதிர்க் கட்டிலில் இருந்த அண்ணனுக்கு இரண்டு மருந்தும் கேட்கவில்லை. அவர் கேட்டது, வென்டிலேட்டர் வேண்டாம், வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டும் என்பது. அவர் வாயால் சொல்லியிருந்ததால் அண்ணிக்குக் கடைசியில் முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. இதைப் பேச நல்ல நாள் பார்க்காதீர்கள்.

படி 11: மற்றவர்களின் கால்

வீட்டில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது. உள்ளங்காலில் 7 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான, ஓரம் ஒழுங்கில்லாத கறுப்பு, ஆறாத புண், ஒரே ஒரு நகத்தில் வந்து அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, அதிலும் நகத்தின் அடித்தோலுக்கும் கறுப்பு இறங்கியிருந்தால் உடனே தோல் டாக்டர். பல விரல் நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது நம் தோலில் இயல்பு. எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருக்காது, சிவந்த சதையாகவும் வரும்.

அம்மாவுக்கு ஊசி நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. காலையில் தைராய்டு மாத்திரை, நான்கு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன் டார்ச்சோடு உட்கார்ந்துவிடுகிறாள். அப்பா, நான், என் பையன் என்று வரிசை. “காலத் திருப்பு. விரல விரி.” போன வாரம் என் சுண்டுவிரலுக்கு அடியில் ஏதோ தென்பட, நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒட்டியிருந்த தார்.